கரைய வேண்டும், தெரியவும் வேண்டும்

அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரை நலம் விசாரிக்கச் செல்லும் நம் பெண்கள் கேட்கும் முதற் கேள்வி, "தையல் பிரிச்சாச்சா?" என்பதாகவே இருக்கும். "பிரிக்க வேண்டியதில்லையாம், தானாகவே கரைந்துவிடுமாம்" என்று பதில் வந்தால், கேட்டவர் முகத்தில் ஒரு வியப்பும் அதன் பின்னே ஒரு சிறு ஐயமும் தோன்றி மறையும். கரைந்து எங்கே போகும்? உடம்புக்குள்ளேதானே போகும்? அதனால் கேடு வராதா? இவை வெறும் வீட்டுப் பேச்சு அல்ல. பெரிய ஆய்வுக்கூடங்களிலும் இதே கேள்விகளைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கரையும் தையல் புதுமையும் அன்று. ஆட்டின் குடலைத் திரித்து நூலாக்கித் தைக்கும் வழக்கம் மிகப் பழையது. குர்துபாவில் வாழ்ந்து 1013இல் மறைந்த மருத்துவ மேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, முப்பது பாகங்கள் கொண்ட தமது 'அத்தஸ்ரீஃப்' நூலின் இறுதிப் பாகத்தை அறுவை மருத்துவத்திற்கே ஒதுக்கினார். உட்புறத் தையலுக்குக் குடல் நூலைப் பயன்படுத்தியவர் என்று அவரைக் குறிப்பிடுவார்கள். அவருடைய 'ஊத்' என்னும் நரம்பு வாத்தியத்தின் நரம்பைக் குரங்கு ஒன்று தின்று செரித்துவிட்டதைக் கண்டே அவருக்கு இந்த யோசனை பிறந்தது என்றொரு கதையும் உண்டு. கதை சுவையானதுதான், ஆனால் அவருக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே கேலன் என்ற கிரேக்க மருத்துவர் குடல் நூலை அறிந்திருந்தார். அஸ்ஸஹ்ராவியின் பெருமைக்கு அந்தக் குரங்கின் துணை தேவையில்லை. ஏறத்தாழ இருநூறு கருவிகளைப் படம் வரைந்து விளக்கி, ஐரோப்பாவுக்குப் பல நூற்றாண்டுகள் பாடம் சொன்ன நூல் அது.

1970களின் தொடக்கத்தில், குடல் நூலுக்கு மாற்றாக ஆய்வுக்கூடத்தில் உருவான நூல்கள் அறுவை அரங்குகளுக்கு வந்தன. அவை பாலிமர் என்னும் இனத்தைச் சேர்ந்தவை. ஒரே வகைச் சிறு மூலக்கூறுகளைத் தஸ்பீஹ் மணிகளைப் போல நீளக் கோத்தால் கிடைப்பது பாலிமர். கரையும் பாலிமரில் மணிக்கும் மணிக்கும் இடையிலுள்ள பிணைப்பைத் தண்ணீர் மெல்ல மெல்ல அறுத்துவிடும். நம் உடம்பில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. இவற்றுள் புகழ்பெற்ற பாலிலாக்டைடு என்பது லாக்டிக் அமிலத்தைக் கோத்துச் செய்தது. பால் புளித்துத் தயிராகும்போது உண்டாகும் அதே அமிலம்; நாம் மலையேறும்போது தசைகளில் ஊறும் அதே அமிலம். கோவை அறுந்ததும் உடம்பு அதை வழக்கம்போல் எரித்து, கரியமில வாயுவாகவும் நீராகவும் வெளியேற்றிவிடும்.

நம் இல்லங்களில் எழக்கூடிய மற்றொரு கேள்வியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரத்தக் கசிவை நிறுத்தவும், இரத்தக் குழாயைத் தற்காலிகமாக அடைக்கவும் மருத்துவர்கள் பயன்படுத்தும் கரையும் பஞ்சு ஒன்று, பன்றித் தோலிலிருந்து எடுத்த ஜெலட்டினால் ஆனது. அதன் சட்டத்தை ஆலிம்கள் சொல்ல வேண்டும், நான் சொல்வதற்கில்லை. மாவுப் பொருளிலிருந்து கிடைக்கும் சர்க்கரையைப் புளிக்கவைத்து எடுத்த லாக்டிக் அமிலத்தால் ஆன பாலிமரில் அந்தக் கேள்வியே எழுவதில்லை என்பதை மட்டும் வேதியியல் ஆசிரியை என்ற முறையில் சொல்லலாம்.

இந்தப் பாலிமர்கள் எங்கள் குடும்பப் பேச்சுக்குள் நுழைந்தது 2014ஆம் ஆண்டில். போடிநாயக்கனூரில் எங்கள் அத்தா ஏலக்காய் வியாபாரம் செய்பவர். வாரத்தில் இரண்டு நாட்கள் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து போடிமெட்டுக்கு ஏறி, அப்பால் பூப்பாறைப் பக்கத்துத் தோட்டங்களில் காய் பார்த்துவிட்டு வருவார். உலர்கூடத்தை எங்கள் பக்கத்தில் 'ஸ்டோர்' என்பார்கள். அப்படி ஒரு ஸ்டோருக்கு ஏறும் சரிவில் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சற்று ஓய்ந்ததும் வலி நின்றுவிட்டது. "வாயுப்பிடிப்பு" என்று அவரே தீர்ப்பும் கூறிவிட்டார். மறுவாரமும் அதே சரிவில் அதே வலி. அம்மா விடவில்லை. மதுரைக்கு அழைத்துச் சென்றோம்.

ஆஞ்சியோகிராம் எடுத்த மருத்துவர் பொறுமைசாலி. திரையில் ஓடிய படத்தை எங்களுக்கும் காட்டினார். இரத்தக் குழாய் எக்ஸ்ரேயில் தெரியாது. ஆகவே அயோடின் கலந்த திரவத்தை உள்ளே செலுத்துகிறார்கள். சில விநாடிகள் மட்டும் இதயத்தின் குழாய்கள் கிளைவிட்ட மரம்போல் கருத்துத் தோன்றி, பிறகு திரவம் கலைந்ததும் மறைந்துவிடும். மூன்று மில்லிமீட்டர் அகலக் குழாய் ஒன்றில் ஓரிடம் நூலாக இளைத்திருந்தது. அங்கே வலைக்குழாய் ஒன்றை, அதாவது ஸ்டென்ட்டை, விரித்து வைக்க வேண்டும்.

"பாய், இரண்டு வகை இருக்கிறது. ஒன்று உலோகம், ஆயுள் முழுக்க உள்ளேயே இருக்கும். மற்றது கரையும் வகை. மூன்று ஆண்டு அளவில் கரைந்து போய்விடும். இங்கே வந்து சில ஆண்டுகள்தான் ஆகின்றன, விலையும் கூடுதல். வீட்டில் கலந்து பேசிவிட்டு நாளைக் காலையில் சொல்லுங்கள்" என்றார் மருத்துவர்.

அவர் சொன்னது அமெரிக்காவின் அபாட் நிறுவனம் செய்த 'அப்சார்ப்' என்னும் வலைக்குழாய். 2012ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவில் அறிமுகமானது. பாலிலாக்டைடால் ஆனது. எண்ணம் மிக அழகானது: குழாய் ஆறும்வரை தாங்கு, ஆறியபின் விலகிவிடு. கட்டடம் எழுந்தபின் சாரத்தைப் பிரித்துவிடுவதில்லையா, அதுபோல.

அன்றிரவு நெல்பேட்டையில் உறவினர் வீட்டில் கூடிப் பேசினோம். அம்மாவுக்குக் கரையும் வகையின் மீதே நாட்டம். "அல்லாஹ் கொடுத்த உடம்புல இரும்ப வச்சுக்கிட்டே காலமெல்லாம் இருக்கணுமா?" என்பது அவர் வாதம். துபையிலிருந்து தம்பி தொலைபேசியில், "எது புதுசோ அதையே வைக்கச் சொல்லுங்க. காசைப் பத்தி யோசிக்காதீங்க" என்றான். அத்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, என்னிடம் ஒன்றே ஒன்று வினவினார்:

"ஏம்மா, டாக்டர் அத உள்ள வச்சதுக்கப்புறம், சரியா விரிஞ்சிருக்கான்னு படத்துல பாக்க முடியுமா?"

மறுநாள் காலை மருத்துவரிடம் அதையே கேட்டேன். அவர் ஒளிக்காமல் சொன்னார்: "பாலிமர் எக்ஸ்ரேயில் தெரியாது. இரு முனைகளிலும் பிளாட்டினப் புள்ளிகள் வைத்திருக்கிறார்கள். அந்தப் புள்ளிகளை வைத்து, இது இங்கிருந்து இதுவரை இருக்கிறது என்று அறிந்துகொள்வோம். நடுப்பகுதியைப் பார்க்க வேண்டுமென்றால் குழாய்க்குள் ஒளியைச் செலுத்திப் பார்க்கும் தனிக் கருவி வேண்டும். அது தனிச் செலவு."

அத்தா உலோகத்தையே வைக்கச் சொல்லிவிட்டார். ஏலத்தில் மாதிரித் தட்டிலுள்ள காயை விரலால் பிளந்து, உள்ளே அரிசி கருத்திருக்கிறதா என்று பார்க்காமல் விலை சொல்லாத மனிதர் அவர். இரண்டு ஓரத்தை மட்டும் காட்டி நடுவை மறைத்த சரக்கு அவருக்கு ஒத்துவரவில்லை. அம்மா இரண்டு நாட்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஏன் தெரிவதில்லை என்பதை வீட்டிற்கு வந்தபின் அம்மாவுக்கு விளக்க முயன்றேன். அந்த விளக்கத்தையே இங்கு எழுதுகிறேன். 1895 நவம்பரில் ராண்ட்கன் கண்டறிந்த இக்கதிர், சதையை ஊடுருவிச் செல்லும், எலும்பில் தடைபடும். காரணம், அணுக்களின் கனம். கார்பனின் அணு எண் 6, ஆக்சிஜனுக்கு 8, ஹைட்ரஜனுக்கு 1. நம் சதையும் இவற்றாலானது, பாலிலாக்டைடும் இவற்றாலானது. ஆகவே கதிருக்கு இரண்டும் ஒன்றே. எலும்பிலுள்ள கால்சியத்தின் எண் 20. அணு எண் உயர உயரக் கதிரை விழுங்கும் ஆற்றல் அதே அளவில் உயர்வதில்லை. ஏறத்தாழ அந்த எண்ணின் மும்மடியை ஒட்டிப் பாய்ந்து உயர்கிறது. அயோடின் 53, பேரியம் 56, பிளாட்டினம் 78. பிளாட்டினப் புள்ளி ஒரு கடுகளவுகூட இல்லாதபோதும் கண்ணில் படுவதன் இரகசியம் இதுதான்.

அப்படியானால் பாலிமரில் கனத்த பொருள் ஒன்றைக் கலந்துவிட்டால் என்ன? முதலில் தோன்றும் வழி அதுவே. வயிற்றுப் படம் எடுக்குமுன் குடிக்கக் கொடுக்கும் வெண்ணிறப் பேரியம் சல்பேட் தூளைப் பாலிமரில் பிசைந்துவிடலாம். நிரந்தரமாக இருக்கும் குழாய்களிலும் எலும்புச் சிமெண்டிலும் இதைச் செய்கிறார்கள். ஆனால் கரையும் பொருளில் இதனால் இரட்டைத் தொல்லை. மாவில் மணல் கலந்தாற்போல் பாலிமரின் வலிமை குறையும் என்பது ஒன்று. மற்றது அதைவிடப் பெரிது: பாலிமர் கரைந்து போய்விடும், பேரியம் சல்பேட்டோ நீரில் கரையாதது. வீட்டுக்காரர் காலி செய்து போனபின், அவர் சாமான்கள் மட்டும் நடுக்கூடத்தில் கிடந்தால் எப்படியிருக்கும்?

எனவே சிறந்த வழி, அயோடின் அணுவைப் பாலிமர்ச் சங்கிலியிலேயே வேதிப் பிணைப்பால் கட்டிவிடுவது. மணியோடு மணியாக அதுவும் கோவையில் நிற்கும். சங்கிலி அறும்போது துண்டுகளோடு சேர்ந்து அதுவும் சிறுநீரகம் வழியே வெளியேற வேண்டும். சொல்வது எளிது. அயோடின் அணு பருமனானது; நிறையக் கட்டினால் பாலிமர் விறைத்து நொறுங்கும் தன்மை அடையும்; தண்ணீரையும் விலக்கும்; கரையும் வேகம் மாறும். குறைவாகக் கட்டினால் முடியளவு மெல்லிய கம்பி படத்தில் தெரியாது. அறுந்த துண்டுகள் நஞ்சாகக் கூடாது. கரைவதும் தெரிவதும் தாங்குவதும் ஆகிய மூன்றையும் ஒரே பொருளிடம் கேட்கும்போது, ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறைகிறது.

இந்த வேலையின் ஒரு பழைய கிளை நமக்கு அருகிலேயே, திருவனந்தபுரத்தில் இருக்கிறது என்பதைப் பிற்பாடு படித்தறிந்தபோது மகிழ்ந்தேன். ஸ்ரீ சித்திரா திருநாள் மருத்துவ நிறுவனத்தைத் தேனிப் பக்கத்து நோயாளிகள் பலர் அறிவர். அதன் ஆய்வுப் பிரிவு பூஜப்புரையிலுள்ள பழைய சாட்டல்மண்ட் அரண்மனை வளாகத்தில் இயங்குகிறது. 2024இல் மறைந்த டாக்டர் வலியத்தானின் தலைமையில் உருவான சித்திரா இதய வால்வு, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதன் தட்டும் ஒரு பாலிமர்தான்.

அதே காலத்தில், அதே நிறுவனத்தில், ஜெயகிருஷ்ணன் என்னும் வேதியியலாளரும் அவருடன் பணியாற்றியோரும் எக்ஸ்ரேயில் தெரியும் நுண்மணிகளைச் செய்துகொண்டிருந்தார்கள். இரத்தம் கசியும் குழாயையோ கட்டிக்கு உணவூட்டும் குழாயையோ அடைக்க வேண்டுமானால் இத்தகைய மணிகளை உள்ளே செலுத்துவார்கள். மணி போக வேண்டிய இடத்திற்குத்தான் போயிற்றா, வழிதவறி வேறு குழாயில் நுழைந்ததா என்று தெரியாவிட்டால் ஆபத்து. கண்ணுக்குள் வைக்கும் மென்வில்லைகளுக்கான பாலிமரில் பேரியம் சல்பேட்டை அடக்கி அவர்கள் செய்த மணிகளைப் பற்றிய கட்டுரை 1990இல் வெளியாயிற்று. அடுத்த கட்டமாக, தூளைக் கலக்காமல் அயோடினைச் சங்கிலியிலேயே கட்டிய பாலியூரித்தேன்களை 2006, 2009ஆம் ஆண்டுகளில் அந்த ஆய்வுக் குழு வெளியிட்டது. இவற்றின் பெயர்கள் நம் செய்தித்தாள்களில் வந்ததில்லை. ஆண்டுக்கணக்கில் ஒரு பிணைப்பைச் சரிசெய்துகொண்டிருப்பவரைப் பற்றிச் செய்தி எழுதுவதும் கடினந்தான்.

பிரான்சின் மோன்பெல்லியே நகரிலும், கரையும் பாலிகேப்ரோலாக்டோனில் அயோடினைக் கட்டும் முறையை 2006இல் வெளியிட்டார்கள். ஆயினும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டி மனித இதயம்வரை வந்தது, அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் யோவாகிம் கோன் குழுவினரின் பாலிமர். அவர்கள் எடுத்துக்கொண்டது டைரோசின் என்னும் அமினோ அமிலம். (பாலாடைக்கட்டியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது, ஒன்று புளித்த பாலிலிருந்து, மற்றொன்று பாலாடையிலிருந்து என்று என் மாணவிகளிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.) டைரோசினில் அயோடினைக் கட்டுவது நம் உடம்புக்குப் புதிதன்று. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி நாள்தோறும் செய்யும் தொழிலே அது. அதற்கு வேண்டிய அயோடின் கிட்டாமல்தான் மலைநாடுகளில் கழுத்துக் கழலை வந்தது. அதற்காகத்தான் உப்பில் அயோடின் சேர்க்கிறோம். அந்தப் பாலிமரைக் கொண்டு ரீவா என்னும் நிறுவனம் செய்த 'ஃபேண்டம்' வலைக்குழாய், முழு நீளமும் எக்ஸ்ரேயில் தெரிந்தது. 2017இல் ஐரோப்பிய ஒப்புதலையும் பெற்றது.

அந்த 2017தான் இத்துறைக்குச் சோதனையான ஆண்டு. பிப்ரவரியில் இந்திய அரசு ஸ்டென்ட் விலைகளுக்கு உச்சவரம்பு விதித்தது: மருந்து பூசிய வகைக்கும் கரையும் வகைக்கும் ஒரே விலை, 29,600 ரூபாய். மார்ச் மாதத்தில் அமெரிக்க ஆய்வின் ஈராண்டு முடிவுகள் வந்தன. அப்சார்ப் வைத்தவர்களில் நூற்றுக்குப் பதினொருவருக்கும், உலோகம் வைத்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ எட்டுப் பேருக்கும் அதே இடத்தில் மீண்டும் தொல்லை ஏற்பட்டிருந்தது. குழாய்க்குள் இரத்தம் உறைவதும் அப்சார்ப்பில் அதிகம். செப்டம்பரில் நிறுவனம் உலகெங்கும் விற்பனையை நிறுத்திக்கொண்டது.

செய்தியைப் படித்துக் காட்டியபோது அம்மா அத்தாவைப் பெருமையோடு பார்த்தார். அத்தா அந்தப் பெருமையை ஏற்கவில்லை. நூற்றுக்கு எண்பத்தொன்பது பேர் அந்த வகையிலும் நலமாகத்தானே இருந்தார்கள் என்றார். என் கருத்தும் அதுவே. அப்சார்ப் தோற்றதற்குத் தெரியாமை மட்டுமே காரணமன்று. உலோகக் கம்பி 80 மைக்ரான் தடிமன் என்றால், அதன் கம்பிகள் 150 மைக்ரானுக்குக் குறையாதவை. மெல்லியதாகச் செய்தால் பாலிலாக்டைடு தாங்காது. தடித்தால் இரத்த ஓட்டத்தில் இடறும். அளவுக்கு மேல் விரித்தால் கம்பி முறியும். குறைவாக விரித்தால் சுவரோடு ஒட்டாமல் தொங்கி, அங்கே இரத்தம் உறையும். முறிந்ததா, ஒட்டியதா என்பதைச் சாதாரண எக்ஸ்ரேயில் மருத்துவர் பார்க்க முடிந்திருந்தால் அந்தத் தீமைகளில் ஒரு பகுதியையேனும் அங்கேயே, அந்த மேசையிலேயே தடுத்திருக்கலாம். இவ்வளவே உறுதியாகச் சொல்லத் தகும்.

முழுவதும் தெரிந்த ஃபேண்டமும் கரை சேரவில்லை. கரையும் வகை என்றாலே மருத்துவர்கள் தயங்கத் தொடங்கிய வேளையில் அது சந்தைக்கு வந்தது. 2020 ஜனவரியில் ரீவா நிறுவனம் கடன் மறுசீரமைப்புக்காக நீதிமன்றத்தை நாடியது. பொருளின் தகுதி வேறு, சந்தையின் நேரம் வேறு என்பதை ஏலக்காய் வியாபாரிகள் குடும்பத்தில் பிறந்தவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. குஜராத்தின் வாப்பியிலுள்ள மெரில் நிறுவனம் கம்பித் தடிமனை 100 மைக்ரானாகக் குறைத்து ஒரு பாலிலாக்டைடு வலைக்குழாய் செய்து, 2015இல் தொடங்கிய ஆய்வில் 108 இந்திய நோயாளிகளிடம் சோதித்தது. அதிலும் தெரிவதற்குப் பிளாட்டினப் புள்ளிகளே. 2024 ஏப்ரலில், முழங்காலுக்குக் கீழுள்ள குழாய் அடைப்புக்கு, மருந்து பூசிய கரையும் வலைக்குழாய் ஒன்றை அமெரிக்க அரசு அனுமதித்தது. சர்க்கரை நோயால் கால் புண் ஆறாமல் தவிப்போர் நம் வீடுகளில் இல்லாமலா? அவர்களை எண்ணும்போது இந்தத் துறை மூடப்பட்டுவிடவில்லை என்பது ஆறுதல்.

சில ஆண்டுகளுக்கு முன் பன்னிரண்டாம் வகுப்பில் பாலிமர் பாடம் நடத்தியபோது இந்த வரலாற்றைச் சொன்னேன். ஸ்டோர்களில் ஏலக்காய் தரம் பிரிக்கும் தாய் ஒருவரின் மகள் எழுந்து, "டீச்சர், அயோடின் போனதும் பாலிமர் போயிடுமா, பாலிமர் போனதும் அயோடின் போகுமா? எது முதல்ல போகும்?" என்று கேட்டாள். கேள்வியின் கூர்மை என்னைத் திகைக்கவைத்தது. அயோடின் முதலில் கழன்றால், மிச்சமிருக்கும் பொருள் மருத்துவரின் கண்ணுக்கு மறைந்துவிடும். கரைந்துவிட்டது என்று அவர் தவறாக நினைப்பார். அவளிடம் அப்போது எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மிச்சத்தை நீயே கண்டுபிடி என்றேன்.

அவள் இப்போது வெளியூரில் முதுகலை வேதியியல் பயில்கிறாள். சென்ற மாதம் ஓர் எக்ஸ்ரே படத்தைக் கைப்பேசியில் அனுப்பியிருந்தாள். படத்தின் ஓரத்தில் அலுமினியப் படிக்கட்டு ஒன்று: ஒவ்வொரு படியும் ஒரு மில்லிமீட்டர் உயரம், எது எவ்வளவு வெளுத்துத் தெரிகிறது என்று ஒப்பிடுவதற்கான அளவுகோல். பக்கத்தில், நகத்தளவு சதுரங்களாக வெட்டிய இரண்டு பாலிமர்த் தகடுகளை வைத்துப் படமெடுத்தாளாம். ஒன்று இருந்த இடமே தெரியவில்லை. அயோடின் கட்டிய மற்றொன்று, அலுமினியத்தின் இரண்டாம் படிக்கு ஈடாக வெளிறித் தெரிந்தது.

அத்தாவிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, கைப்பேசியை அருகில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"சரி, தெரியுது. எத்தன நாள்ல கரையும்னு கேளு" என்றார்.

கேட்டு அனுப்பினேன். உடல் வெப்பநிலையில் உப்பு நீரில் போட்டு வைத்திருப்பதாகவும், வாரம் ஒருமுறை எடுத்து எடை பார்ப்பதாகவும், இதுவரை ஆறு வாரம்தான் ஆகிறது என்றும் பதில் எழுதியிருக்கிறாள்.